வெயிலுக்கு விரித்த பாவாடை

"என்னைச் செய்யும்போது சாமிக்குக் கை நடுங்கிடுச்சா?"

செலெஸ்தி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. கேட்டது தன் அம்மா ஒனொரினாவிடம் அல்ல, பக்கத்து வீட்டு ஜசீராவிடம். ஜசீராவின் கொல்லையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. செம்பனை எண்ணெய் தெறிக்காத தூரத்தில், கொய்யா மரத்தடியில் நின்று கேட்டாள்.

வயிற்றுக்குள் பிள்ளையைக் களிமண்ணால் உருவாக்குகிறவர் ஒஷாலா. எங்கள் மேட்டுத் தெருவான பிதாங்கா ஏற்றத்தில் இது தெரியாத ஆள் கிடையாது. ஒருநாள் அவர் பனங்கள்ளைக் குடித்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்ததாகவும், அன்று பிடித்த உருவங்கள் கோணலாகப் போனதாகவும் ஒரு கதை உண்டு. செலெஸ்தியின் அம்மாவும் கறுப்பு, படகோட்டியாக இருந்து செத்துப்போன அப்பாவும் கறுப்பு. இவள் மட்டும் சோளப்பாலைப்போல வெளுத்துப் பிறந்தாள். முடியும் வெள்ளை, இமையும் வெள்ளை. வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. தெருப்பிள்ளைகள் அந்தக் கள்ளுக் கதையை இவள்மேல் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

ஜசீரா எண்ணெயைக் கிளறிக்கொண்டே கேட்டாள். "யாரு சொன்னது?"

"யுலாலியா அக்கா வீட்டுப் பொண்ணு."

"அவளைச் செய்யும்போதுதான் நடுங்கியிருக்கும். வாய் எம்புட்டுப் பெருசா போயிருக்கு பாத்தியா? உன்னைப் பதனமாத்தான் செஞ்சார். செஞ்சு முடிச்சுச் சாயம் பூசலாம்னு பாத்தா கலயம் காலி. என்ன பண்ணுவார்? தன் மேல்துண்டுல கொஞ்சம் கிழிச்சு உன்மேல ஒட்டிட்டார்."

செலெஸ்தி யோசித்தாள். "அப்ப அவர் துண்டு கிழிஞ்சிருக்குமே?"

"கிழிஞ்சுதான் இருக்கு. அதான் வருஷா வருஷம் புதுசு சாத்துறோம். போ, போய் விளையாடு."

சாமி வீட்டின் தலைவி ஒலிந்தா அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, தப்பில்லை என்றாராம்.

அடுப்பு ஏன் ஜசீராவின் கொல்லையில் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஒனொரினாவின் பிழைப்பு அக்கராஜே விற்பது. காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, வெங்காயம் சேர்த்து அடித்து, செம்பனை எண்ணெயில் பொரிக்கிற வடை. மாலையில் பாலத்தடியில் தட்டோடு உட்கார்ந்தால் சுருட்டுத் தொழிற்சாலை விட்டு வருகிற பெண்கள் சுற்றிக்கொள்வார்கள். நானும் அதில் ஒருத்தி. வடையைப் பிளந்து உள்ளே வைக்கிற காய்ந்த இறாலின் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

எங்களில் ஒவ்வொருவர் தலைக்கும் ஒரு சாமி உண்டு. செலெஸ்திக்கு ஏழு வயதில் சோழி போட்டுப் பார்த்தபோது அவள் தலை ஒஷாலாவுக்கு உரியது என்று வந்தது. ஒஷாலாவுக்கு எல்லாம் வெள்ளை. உப்பு ஆகாது, கள் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாகச் செம்பனை எண்ணெய் ஆகாது. அவர் பிள்ளைமேலும் அது படக்கூடாது. ஒனொரினா வீட்டிலோ சுவரில்கூட எண்ணெய். அன்று அவள் தொழிலை விடுவதா, பிள்ளையை எங்காவது கொடுப்பதா என்று வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஜசீரா வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பைத் தூக்கித் தலையில் வைத்தாள். திரும்ப வந்து எண்ணெய்த் தகரத்தை எடுத்தாள். மூன்றாம் நடையில் மேசை.

"என் தலைக்காரி இயன்சா. காத்துக்காரி. இந்த வடை இல்லாம அவளுக்குப் பொழுது விடியாது. எண்ணெய் அங்க இருக்கட்டும், புள்ள இங்க இருக்கட்டும்" என்றாள்.

அதிலிருந்து பன்னிரண்டு வருஷம். ஒனொரினா தினமும் அங்கே பொரிப்பாள், விற்றுவிட்டு வந்து அங்கேயே ஓலைத் தட்டிக்குப் பின்னால் குளிப்பாள், துணி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் போவாள். ஜசீராவின் கூரை புகைந்து கறுத்தது. அவள் துணியெல்லாம் எண்ணெய் வாடை அடித்தது. அதை ஒரு உபகாரமாக அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. செலெஸ்தி அந்தக் கொல்லைக்குள் வந்தால் அடுப்புமூலையை விட்டு விலகி, கொய்யாமரத்தைச் சுற்றி அரைவட்டமாக நடப்பாள். சின்ன வயதில் பழகிய நடை. பத்தொன்பது வயதிலும் அப்படித்தான் நடந்தாள்.

அந்தப் பத்தொன்பதாம் வயதில்தான் ஒலிந்தா அம்மா அவளை முதல் குடத்துக்குச் சொன்னார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, விடியும் முன்னால், நாங்கள் எல்லோரும் வெள்ளை உடுத்திக் குடத்தோடு ஊற்றுக்கு இறங்குவோம். மூன்று நடை. ஒரு சொல் பேசக்கூடாது. ஒஷாலா ஒருமுறை நண்பனான அரசனைப் பார்க்கப் போனார். வழியில் அவர்மேல் எண்ணெயைக் கொட்டினார்கள். ஆற்றில் கழுவிக்கொண்டு நடந்தார். அப்புறம் குதிரைத் திருடன் என்று தப்பாகப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். ஏழு வருஷம் வாய் திறக்காமல் கிடந்தார். உண்மை தெரிந்ததும் அரசன் வெட்கப்பட்டு, ஊரையே வெள்ளை உடுத்தச் சொல்லி, பேச்சில்லாமல் தண்ணீர் கொண்டுவந்து அவரைக் குளிப்பாட்டினான். அந்தத் தண்ணீரைத்தான் வருஷாவருஷம் நாங்கள் சுமக்கிறோம். வரிசையின் தலையில் போகிற குடம் சிந்தாமல் போய்ச் சேர்ந்தால் அந்த வருஷம் எங்களுக்கு நல்ல வருஷம்.

யுலாலியா அக்கா நாற்பது வருஷமாகச் சாமி வீட்டில் இருக்கிறவள். தன் தங்கை மகளை அந்த இடத்துக்கு நினைத்து வைத்திருந்தாள்.

"அம்மா, அந்தப் புள்ளைக்குப் பகல்லயே பக்கத்துல இருக்கறது தெரியாது. மழை பெஞ்ச ஏத்தம். குடத்தைப் போட்டு உடைச்சா ஊருக்கே ஆகாது."

"பகல்லதான் தெரியாது. இருட்டுல போறோம்" என்றார் ஒலிந்தா அம்மா.

"தொழிற்சாலையில அவளுக்குப் புகையிலை நரம்பு உரிக்கிற வேலைதான் குடுத்திருக்காங்க. கண்ணு இருந்தா தரம் பிரிக்கப் போட்டிருப்பாங்கல்ல?"

நான் பக்கத்தில்தான் இருந்தேன். "விரல்லயே உரிக்கிறா அக்கா, ஒரு இலை கிழியாது. கண்ணு நல்லா இருக்கற நான் ஒரு நாளைக்கு நாலு கிழிக்கறேன்" என்றேன்.

"நீ சும்மா இரு. உனக்கு வாய் வேலை செய்யுது, கை எங்க செய்யுது."

கடைசியில் யுலாலியா ஒன்று சொன்னாள். முதல் குடம் எடுக்கிறவள் தன் கையால் துவைத்த, ஒரு புள்ளி இல்லாத வெள்ளையில் வரவேண்டும் என்பது வீட்டு வழக்கம். அதில் குறை இருந்தால் குடம் தன் தங்கை மகளுக்கு. ஒலிந்தா அம்மாவால் அதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. வழக்கம் அதுதான்.

செலெஸ்தியிடம் நல்ல வெள்ளைப் பாவாடை ஒன்றே ஒன்று இருந்தது. இரண்டு பண்டிகைக்குத் துணி எடுக்காமல் சேர்த்து வைத்து, ஓரத்தில் பின்னல் வைத்துத் தைத்தது. புதன்கிழமை அதைத் துவைத்து மரவள்ளிக் கஞ்சி போட்டுக் காயவைத்தாள். இஸ்திரிப்பெட்டியில் கரி பொறி பறக்கும், அது அவள் கண்ணுக்கு ஆகாது. ஒனொரினாவின் கையில் எண்ணெய். "நான் போட்டுத் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டு போனாள் ஜசீரா.

ஜசீரா கையை மூன்றுமுறை சோப்புப் போட்டுக் கழுவினாள். மேசையைத் துடைத்தாள். அதன்மேல் இரண்டு போர்வை விரித்தாள். இவ்வளவும் செய்தவள், அது எந்த மேசை என்பதை மறந்துபோனாள். பன்னிரண்டு வருஷம் எண்ணெய் குடித்த பலகை அது. சுடச்சுட இஸ்திரிப்பெட்டி ஏறி இறங்க, பலகைக்குள் கிடந்த எண்ணெய் இளகி இரண்டு போர்வையையும் தாண்டி மேலே வந்தது. பாவாடையைத் தூக்கிப் பார்த்தபோது முன்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சு நிறக் கறை.

வியாழக்கிழமை காலை அவள் அதைத் தூக்கிக்கொண்டு ஒனொரினாவின் வாசலில் வந்து நின்றாள்.  விரித்துக் காட்டினாள்.

ஒனொரினா தலையில் கைவைத்தாள். "என்னடி பண்ணி வச்சிருக்க? பன்னெண்டு வருஷமா ஒரு சொட்டுப் படாம வளத்தேன்டி. நாளைக்குக் காலையில குடம். இன்னைக்குப் போய் இப்படி."

"பன்னெண்டு வருஷமும் என் கொல்லையிலதான் அந்த எண்ணெய் கிடந்துச்சு, ஒனொரினா. ஒரு சொட்டு இங்க வரல. கடைசியில என் கையாலயே கொண்டாந்து பூசிட்டேன்" என்றாள் ஜசீரா.

"யுலாலியாவுக்கு இனி வயிறு குளிரும்."

"அம்மா, போதும்" என்றாள் செலெஸ்தி. பாவாடையை வாங்கி முகத்தருகே வைத்துப் பார்த்தாள். அவள் எதையும் அப்படித்தான் பார்ப்பாள். பிறகு மடித்துக்கொண்டு நேராக ஒலிந்தா அம்மாவிடம் போனாள்.

ஒலிந்தா அம்மா நாளைக்கு வேண்டிய வெள்ளைச் சோளத்தை உப்பில்லாமல் வேகவைத்துக்கொண்டிருந்தார். கறையைப் பார்த்தார்.

"அவர்மேலயும்தான் கொட்டுச்சு. கழுவிட்டு நடந்தார். சாயந்தரம்வரைக்கும் நேரம் இருக்கு, கழுவு."

"யார் கொட்டினதுன்னு கேக்கலியே அம்மா?"

"அவரும் கேக்கல" என்று சொல்லிவிட்டு அகப்பையைப் போட்டுக் கிளறினார்.

ஓடைக்கரையில் துவைக்கிற பெண்கள் பத்துப் பேர் இருந்தார்கள். பண்டிகைக்காகத் தொழிற்சாலையில் எங்கள் பிரிவுக்கு விடுப்பு, நானும் போயிருந்தேன். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சோப்பு, சாம்பல் தண்ணீர், பப்பாளி இலையைக் கசக்கிய சாறு. செலெஸ்தி எல்லாம் செய்தாள். வழவழப்பு போனது, ஆனால் நிறம் போகவில்லை. ஆரஞ்சு மஞ்சளாயிற்று, மஞ்சள் அப்படியே நின்றுவிட்டது.

"இனிமே கையால ஆகாது புள்ள" என்றாள் ஒரு மூத்த சலவைக்காரி. "செம்பனை நெறத்தை வெயில் ஒண்ணுதான் தின்னும். புல்லுல விரிச்சு, காயவிடாமத் தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும். காஞ்சா கறை உள்ள பிடிச்சிரும்."

 தெளிக்கவேண்டியது அவள் கை. அவள் தோல் வெயிலுக்கு ஆகாது. பத்து வயதில் படகுத்துறையில் ஒரு மதியம் நின்றதற்கு உடம்பெல்லாம் கொப்புளம் வந்து பதினைந்து நாள் வாழையிலையில் படுத்துக் கிடந்தாள். கண்ணும் திறக்காது.

செலெஸ்தி பாவாடையைப் புல்லில் விரித்தாள். சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டுகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைத்துணியை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பைத்தியமா உனக்கு? எந்திரி" என்றேன்.

"நாளைக்கு வேணும்னா கொப்புளத்தோட நடக்கறேன். இருட்டுல யாருக்குத் தெரியப்போகுது."

அப்போதுதான் ஜசீரா மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். முழங்கால் வீங்கி ஒரு வருஷமாக அவள் அந்தச் சரிவில் இறங்குவதில்லை. கையில் ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பு. வந்து செலெஸ்தியின் தலைக்குமேல் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு ஆள் பிடித்தால் விரிப்பு கூடாரம்போலத் தொங்கியது. காற்று வந்தால் செலெஸ்தியின் முகத்தில் அடித்தது.

"இயன்சா, உன் பொண்ணுதானே பிடிச்சிருக்கேன், கொஞ்ச நேரம் சும்மா இரேன்" என்று காற்றைத் திட்டினாள்.

நான் எழுந்து போய் எதிர்முனையைப் பிடித்தேன். மூத்த சலவைக்காரி இன்னொன்று. நாலாவது முனைக்குக் கழுதைக்காரன் பிராவுலியோ வந்தான். ஓடையில் கழுதைக்குத் தண்ணீர் காட்ட வந்தவன்.

"இந்த விரிப்பு பத்தாது. நான் ஒண்ணு கொண்டாறேன். கல்யாணத்துக்குன்னு எங்கம்மா எடுத்து வச்சது."

"உனக்குத்தான் கல்யாணமே ஆகலியே."

"அதான் புதுசாவே இருக்கு" என்றான்.

பத்து மணியிலிருந்து மூன்று மணிவரைக்கும் பிடித்தோம். சாமி வலம் வரும்போது அவர் தலைக்குமேல் வெள்ளைத்துணி பிடிப்போம். அதே உயரம், அதே நாலு முனை. ஆனால் கீழே உட்கார்ந்திருந்தது எங்கள் செலெஸ்தி. பாவாடை வெயிலில், அவள் நிழலில். நிழலுக்குள்ளிருந்து கையை நீட்டித் தெளிப்பாள், சடாரென்று உள்ளே இழுத்துக்கொள்வாள். சூரியன் நகர நகர நாங்களும் ஓரடி நகர்ந்தோம். நடுவில் மேகம் வந்தது. அப்போது எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரனைப் பேசுவதைப்போல மேகத்தைப் பேசினோம். கை மாற்ற ஆள் வந்துகொண்டே இருந்தது. யாரோ மரவள்ளி மாவும் வறுத்த மீனும் கொண்டுவந்து, பிடித்திருப்பவர்களின் வாயில் ஊட்டிவிட்டார்கள். ஜசீரா மட்டும் கை மாற்றவில்லை.

ஒரு மணிக்கு யுலாலியா வந்தாள். தகவல் போயிருக்கும். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

"என்ன இது, இன்னைக்கே திருவிழாவா?"

"கறை இருந்தா குடம் உங்க வீட்டுக்குத்தான் அக்கா. பயப்படாதீங்க" என்றாள் செலெஸ்தி, தலை நிமிராமல்.

  சலவைக்காரியின் முனை தாழ்ந்து வெயில் செலெஸ்தியின் தோளில் விழுந்தது. அந்தத் தோள் ஏற்கெனவே சிவந்திருந்தது. யுலாலியா இரண்டெட்டு வைத்து அந்த முனையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இப்படியா பிடிப்பாங்க? நாப்பது வருஷமா சாமிக்குப் பிடிக்கறவ நான். கையைத் தூக்கிப் பிடிங்க எல்லாரும்." பிறகு யாரும் கேட்காமலே, "இவளுக்காக ஒண்ணும் பிடிக்கல. துணி கோணலா இருக்கு, பாக்கச் சகிக்கல" என்றாள்.

"தெரியும் அக்கா" என்றாள் ஜசீரா. "நாங்க ஒண்ணும் நினைச்சுக்கல."

மூன்று மணிக்கு செலெஸ்தி பாவாடையை எடுத்து மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். அப்புறம் யுலாலியாவிடம் நீட்டினாள். யுலாலியா அதை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். திருப்பினாள். மடிப்புக்குள் விரலைவிட்டுப் பார்த்தாள். கடைசியில் முகர்ந்தாள்.

"வெயில் வாசனைதான் அடிக்குது" என்றாள். "எங்க இஸ்திரி போடுவ? கொண்டா, என் மேசையில எண்ணெய் கிடையாது."

பிராவுலியோ தன் கழுதையின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நாங்கள் சிரித்த சிரிப்பில் அக்கரையில் துவைத்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அந்த இரவு ஒரு மழை பெய்து ஓய்ந்தது. விடியும் முன்னால் சாமி வீட்டு முற்றத்தில் கூடினோம். அறுபது பேர் இருப்போம். எல்லோரும் வந்திருந்தார்கள், ஜசீரா வரவில்லை. முழங்கால் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். எனக்குத் தெரியும், முழங்கால் மட்டும் காரணமில்லை. சாமிக்கு ஆகாத எண்ணெய்க்கை தன் கை என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. அதை மணி அடிப்பதற்குமுன் செலெஸ்தியிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள். மணி அடித்தது. அதற்குப் பிறகு பேச்சில்லை.

செலெஸ்தி முதல் குடத்தைத் தோளில் வைத்தாள். பின்னல் வைத்த பாவாடை கணுக்காலைத் தொட்டது. ஏற்றத்தில் விளக்கு கிடையாது. வழியெல்லாம் சேறு, கல்லெல்லாம் வழுக்கல். எங்களுக்குக் கண் இருந்தும் பயனில்லை. ஒருவர் முதுகை ஒருவர் தொட்டுக்கொண்டு இறங்கினோம். அவளோ கல்லைக் கல்லாகக் காலால் தேடி, ஒரு இடத்திலும் நிற்காமல் போனாள். பத்தொன்பது வருஷம் கண்ணை நம்பாமல் நடந்தவள் அவள். முன்னால் அந்த வெள்ளை அசைந்துபோவது மட்டும் தெரிந்தது. அறுபது பேரும் அதைப் பார்த்துத்தான் நடந்தோம். எனக்குப் பின்னால் யுலாலியா வந்துகொண்டிருந்தாள். ஒரு வளைவில் வழுக்கி என் தோளைப் பிடித்தாள். நான் அந்த வெள்ளை போன வழியிலேயே காலை அழுத்தி ஊன்றியிருந்தேன். அதனால் இரண்டுபேரும் தப்பினோம்.

ஒரு நடை, இரண்டு நடை. மூன்றாவது நடையில் ஏறும்போது ஆற்றுக்குமேல் வானம் வெளுத்தது. சாமி வீட்டு வாசலில் ஒலிந்தா அம்மா காத்திருந்தார். செலெஸ்தி குடத்தை இறக்கினாள். விளிம்புவரை தண்ணீர் நின்றது. ஒரு சொட்டு அவள் தோளில் இல்லை. தண்ணீர் சாமிமேல் விழுந்த கணத்தில் பேச்சு திறந்தது. "எப்பா பாபா" என்று அறுபது தொண்டையும் சேர்ந்து ஒஷாலாவை வாழ்த்தியது. முரசு எழுந்தது. ஒனொரினா பாடவும் முடியாமல், அழவும் முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். யுலாலியா தன் தங்கை மகளை முழங்கையால் இடித்து, "பாத்துக்கோ, குடம் எடுக்கறதுன்னா இப்படி" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

முதல் குடம் எடுத்தவளுக்கு அந்தத் தண்ணீரில் ஒரு சிறு குடம் பங்கு உண்டு. அதை வீட்டில் ஊற்றினால் வருஷம் முழுவதும் வீடு குளிர்ந்திருக்கும். வாழையிலையில் பொதிந்த சோளக்களி வந்து, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது ஒனொரினா மகளைக் கேட்டாள்.

"நம்ம பங்கு எங்கடி? வாங்கினியா இல்லையா?"

"வாங்கினேன்."

"எங்க வச்சிருக்க?"

"வைக்கவேண்டிய இடத்துல வச்சாச்சு, சாப்பிடும்மா."

அவள் எப்போது எழுந்துபோனாள், எப்போது திரும்பினாள் என்று யாருக்கும் தெரியாது. பாட்டு நடுவில் ஒருவேளை அவள் இடம் காலியாக இருந்திருக்கலாம். எங்கள் கண்ணெல்லாம் முரசின்மேல் இருந்தது.

ஜசீரா அன்று காலை பாயில் படுத்தபடியே மேலேயிருந்து வந்த பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். அவள் வீட்டுத் தண்ணீர்ப்பானை முந்தின நாளே காலி. முழங்காலோடு ஊற்றுக்கு இறங்க முடியாது. மற்றவர்களிடம் கேட்க அன்று அவளுக்கு மனம் வரவில்லை. தாகம் பொறுக்காமல் எழுந்து, அடியில் ஒரு வாய் கிடக்கிறதா என்று பார்க்கக் கொல்லைக்கதவைத் திறந்தாள்.

பானைமேல் வாழையிலை மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தாள். பாதிக்குமேல் தண்ணீர், தெளிந்த ஊற்றுத் தண்ணீர்.

கொல்லையில் ஒருவரும் இல்லை. இரவு பெய்த மழையில் மண் இளகியிருந்தது. படலிலிருந்து பானைவரைக்கும் ஒரு வெறுங்கால் தடம் வந்திருந்தது. வந்த தடம் நேராக வரவில்லை. அடுப்புமூலையை விட்டு விலகி, கொய்யாமரத்தைச் சுற்றி, அரைவட்டமாக வந்து அதேபோலத் திரும்பியிருந்தது.

ஜசீரா ஒரு கை அள்ளிக் குடித்தாள். இன்னொரு கை அள்ளி முழங்காலில் ஊற்றிக்கொண்டாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து வெள்ளைப் பாவாடையை எடுத்து உடுத்திக்கொண்டு, அந்தத் தடத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து, பாட்டு வந்த பக்கம் ஏறினாள்.